செட்டிங்ஸைக் காணோமுங்க

இல்லீங்க, மேல வைக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். நீங்க சித்த ஜன்னல் பக்கம் நகந்தீங்கன்னா போதும், முழங்கால் இடிக்குது. ஆ, இப்பச் சரிங்க.

கம்ப்யூட்டருங்க. டிவி மாதிரி கண்ணாடி இருக்குமே, அது வீட்டுல கிடக்குது. இது அதுக்குப் பக்கத்துல மாட்டி வெக்கற பெட்டி. சி.பி.யூ.ம்பாங்க. வேலை எல்லாம் இதுக்குள்ளதான் நடக்குது. தூசி படாம இருக்கட்டும்னு போர்வையைச் சுத்தியிருக்கறேன்.

நீங்க எதுவரைக்கும்? பழனியா? நான் தாராபுரத்துல இறங்கிருவேனுங்க. ஈரோட்டுல எடுத்ததுல இருந்து ரெண்டு மணி நேரம் வெச்சுக்குங்க. இந்த டிரைவர் காங்கயத்துல டீ குடிக்க நிறுத்துனா இன்னொரு பத்து நிமிஷம்.

ரிப்பேருன்னு சொல்ல முடியாதுங்க. ஓடுது. பாட்டுக் கேக்கலாம், பேப்பர் படிக்கலாம். செட்டிங்ஸைத்தான் காணோம்.

எப்படிச் சொல்றது... வீட்டுல மெயின் போர்டு இருக்குதில்லீங்க, அந்த மாதிரி. எது எரியணும், எது அணையணும், எல்லாம் அங்கதான். ஒரு நாள் காத்தால திறந்து பாக்கறேன், அந்த போர்டுல பாதி செவுத்துக்குள்ள போயிருச்சு. நேரம் மாத்தற இடத்தைக் காணோம். யார் யாரெல்லாம் தொடலாம்னு இருக்கற இடத்தைக் காணோம். எழுத்து வகை இருக்கற இடத்தைக் காணோம். கண்ட்ரோல் பேனல்னு ஒண்ணு, அதைத் தொட்டா டக்குனு ஒரு கட்டம் வருது. 'இதை உங்கள் நிர்வாகி அனுமதிக்கவில்லை. நிர்வாகியைத் தொடர்பு கொள்ளவும்.' நல்ல தமிழ்ல வருதுங்க. தமிழ்ல வர வெச்சதே நான்தான்.

நீங்களே சொல்லுங்க. என்ர வீடு, என்ர கம்ப்யூட்டர். எனக்கு மேல யாருங்க நிர்வாகி?

பன்னண்டு நாளாச்சு. அணைச்சு அணைச்சுப் போட்டுப் பாத்துட்டேன். யூடியூப்புல ஒருத்தர் இதை அமுக்கு, அதை அமுக்குங்கறார். அவர் காட்டற இடம் எனக்கு இருந்தாத்தானே அமுக்கறதுக்கு? வைரஸ் துடைக்கற சாமானம் ரெண்டு மூணு ஏத்தலாம்னு பாத்தேன். அதுக்கும் நிர்வாகியைக் கேளுங்குது. சோறு சரியா இறங்கலைங்க. ஆரோ வீட்டுக்குள்ள பூந்து அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துட்டுப் போன மாதிரி. பொருள் எல்லாம் அப்படியே இருக்குது, சாவி மட்டும் இல்லை. அப்படி ஒரு திருடனை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?

நமக்கு ஒழுங்கு முக்கியமுங்க. நான் மில்லுல டைம் ஆபீஸ். முப்பத்தொரு வருஷம். சென்னியப்பன்னு சொன்னா அந்தப் பக்கத்துல பழைய ஆளுகளுக்குத் தெரியும். எட்டு மணி ஷிஃப்டுக்கு எட்டு அஞ்சுக்கு வந்தா சிவப்பு மையில வட்டம். எங்க மாப்பிள்ளை சொந்தம் ஒருத்தன் எட்டு ஆறுக்கு வந்தான், அவனுக்கும் வட்டம்தான். அழுதவங்க இருக்கறாங்க, திட்டுனவங்க இருக்கறாங்க. நான் பேனாவை மாத்துனதில்லை. போன வருஷம் ஆடியில ரிட்டையர் ஆனேன்.

வீட்டுக்கு வந்து பாத்தா, நம்ம வீட்டுல ஒரு நேரமும் கிடையாதுங்க. சாந்தாமணி, வீட்டுக்காரி, எப்ப உக்காறா எப்ப எந்திரிக்கறான்னு கணக்கே இல்லை. கல்யாணத்துக்கு முந்தியே டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சவ. பொண்ணு காலேஜ் போறப்ப இந்தக் கம்ப்யூட்டரை வாங்குனோம். பொண்ணு கட்டிக்குடுத்து ஓசூர் போயிருச்சு, இவ இதுல உக்காந்துட்டா. எட்டு வருஷமா தமிழ் டைப்பிங். கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், வாத்தியார் எழுதுன கவிதை, பிஎச்டி படிக்கற புள்ளைகளோட ஆராய்ச்சி. தேடிக்கிட்டு வருவாங்க. எழுத்துப் பிழை பாத்துத் தருவான்னு ஒரு பேரு.

நான் டூட்டியில இருந்தவரைக்கும் இதெல்லாம் கவனிச்சதில்லை. ரிட்டையர் ஆகி உக்காந்து பாத்தப்பத்தான் தெரியுது, மத்தியானச் சோத்தை மூணு மணிக்குத் தின்னுட்டு டைப் பண்றா. இடுப்பு வலிங்கறா, எந்திரிக்க மாட்டேங்கறா. அந்தக் கம்ப்யூட்டருலயும் ஒரு ஒழுங்கு இல்லை. எதுக்கும் பாஸ்வேர்டு இல்லை. ஆரு வேணும்னாலும் திறக்கலாம்.

அதனால ஒழுங்கு பண்ணுனேன். தப்புங்களா? எனக்குன்னு ஒரு கணக்கு, மெயின் கணக்கு. அவளுக்குத் தனியா ஒண்ணு, சாதாரணக் கணக்கு. சாயங்காலம் ஆறு மணி ஆனா அவளோடது தானா பூட்டிக்கும். கண்ணு கெட்டுப் போகக் கூடாது பாருங்க. புதுசா ஏதாச்சும் சேக்கணும்னா என்ர பாஸ்வேர்டு வேணும். என்னையக் கேப்பா, நான் வந்து போட்டுத் தருவேன். நான் டீக்கடைக்குப் போயிருந்தா வர்ற வரைக்கும் இருப்பா. ஒரு மணி நேரம், ஒண்ணரை மணி நேரம். இருந்தா என்னங்க? அவசரமா எதுவும் இல்லையே.

ஒரு தடவை கேட்டா. "ஏனுங்க, பாஸ்வேர்டைச் சொல்லிப்போட்டீங்கன்னா நானே போட்டுக்குவேனுல்ல?"

"உனக்கு எதுக்கு சாந்தாமணி அந்தத் தொந்தரவு, நான் இருக்கறப்ப?"ன்னேன். அன்பாத்தான் சொன்னேனுங்க. அவ சிரிச்சா. சிரிச்ச மாதிரிதான் இருந்துது.

அரச்சலூர் வந்திருச்சு. இதுதான் நம்ம ஊரு. அந்தப் புளியமரம் தாண்டி ரெண்டாவது சந்துல வீடு. கண்டக்டர் பாருங்க, தெரிஞ்சவரு, இறங்கலையாங்கறார். இல்லப்பா, தாராபுரம்! கொழுந்தியா வீட்டுக்கு! போலாம், போலாம்.

தை மாசத்துல ஒரு சின்னத் தப்பு நடந்து போச்சுங்க. தப்புன்னு கூடச் சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் மெதுவா ஓடுது, குப்பை ஜாஸ்தின்னு ஒரு நாள் சுத்தம் பண்ண உக்காந்தேன். பாத்தா எழுத்து வகைன்னு இருநூறுக்கு மேல கிடக்குது. ஃபான்ட்டும்பாங்க. ஒரு மனுசிக்கு எதுக்குங்க இருநூறு? ஏழெட்டை வெச்சுட்டு மத்ததை எல்லாம் நீக்கிப்போட்டேன். மெஷின் பறந்துது. சந்தோஷமா டீக்கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தா இவ நாக்காலியில உக்காந்திருக்கறா. கை மடியில. ஸ்கிரீன்ல முன்னூத்து நாப்பது பக்க ஆராய்ச்சி. ஒரு எழுத்து தமிழ் இல்லை. எல்லாம் கோடும் புள்ளியும் இங்கிலீஷ் எழுத்தும் கலந்து கிடக்குது. அதுல ஏதோ பழைய எழுத்து வகையாம், பிரஸ் வெச்சிருந்த ஒருத்தர் குடுத்ததாம். அவர் இப்ப இல்லையாம். வேற எங்கயும் கிடைக்கலை.

கத்துவான்னு பாத்தேன். கத்தலைங்க. "என்னையக் கேட்டிருக்கலாமுங்க"ன்னா. அவ்வளவுதான்.

அந்த ஆராய்ச்சிக்காரப் புள்ளை திங்களூர்ல இருந்து வந்துது. பழைய அச்சுத் தாளு கொஞ்சம் வெச்சிருந்துது. அதை வெச்சுத் திரும்ப முதல்ல இருந்து அடிக்க ஆரம்பிச்சா இவ. யுனிவர்சிட்டியில குடுக்க இருபது நாள்தான் இருந்துது. அப்ப என்ரகிட்ட வந்து கேட்டா. "ஏனுங்க, இந்த இருபது நாளைக்கு மட்டும் அந்த ஆறு மணிப் பூட்டை எட்டாக்கி விடுங்க."

நான் முடியாதுன்னுட்டேன்.

ஏன்னா கேக்கறீங்க? ஒருத்தருக்கு ஒரு நாள் அஞ்சு நிமிஷம் விட்டா டைம் ஆபீஸே போச்சுங்க. எட்டாக்குனா அப்புறம் ஒன்பதும்பா. கண்ணு யாரு கண்ணுங்க? அவ கண்ணுதானே? அவளுக்காகத்தானே வெச்சேன்? அவ ரெண்டாந்தடவை கேக்கலை. தினம் ஆறு மணிக்கு ஸ்கிரீன் பூட்டிக்கும். பாதி வாக்கியத்துல கூடப் பூட்டிக்கும். எந்திரிச்சுப் போயிச் சோத்துக்கு அரிசி களைவா.

நாள் தவறிப்போச்சு. அந்தப் புள்ளை எங்க கூடத்துல உக்காந்து அழுதுது. இனி அடுத்த வருஷம்தான் குடுக்க முடியுமாம். இவ தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு பக்கத்துல உக்காந்தா. நான் கூடத்துக்குள்ள போகலைங்க. பேப்பர் படிக்கற மாதிரி வாசல்லயே நின்னுட்டு இருந்தேன். ஏன் நின்னேன்னு தெரியலை.

அடுத்த வாரம் அவ தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன். ஒத்தாசைக்குப் போறேன்னு தாராபுரம் போயிட்டா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க. ஆபரேஷன் நிஜமாவே நடந்துது, நான் போன்ல விசாரிச்சேன். அவ போன மறுநாள் காத்தாலதான் நான் திறந்து பாக்கறேன், செட்டிங்ஸைக் காணோம்.

பன்னண்டு நாள் பொறுத்தேன். இன்னைக்குக் காத்தால முதல் பஸ்ஸுக்குத் தூக்கிட்டு ஈரோடு போயிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால மாடியில ஒரு கடை. ஆம்பளை ஆளா இருக்கும்னு போனா, ஒரு அம்மிணி. ரெஜினான்னு பேரு. முப்பது வயசு இருக்கும். திருப்புளியை எடுத்துட்டு வரும்னு பாக்கறேன், அது திறக்கவே இல்லை. ஸ்கிரீனை மாட்டி நாலு தட்டுத் தட்டுச்சு. என்னையப் பாத்துது.

"சார், வைரஸ் இல்லை. ஒண்ணும் காணாமப் போகலை. எல்லாம் இருக்கு. உங்களுக்குக் காட்ட வேண்டாம்னு மறைச்சு வெச்சிருக்காங்க."

"யாரு?"

"இதுல ரெண்டு பேரு இருக்கீங்க. நீங்க சாதாரணக் கணக்கு. நிர்வாகி, சாந்தாமணின்னு ஒருத்தங்க."

நான் சிரிச்சுட்டேனுங்க. "அம்மிணி, மாத்திப் படிக்கறே. மெயின் நான். அவ சாதாரணம்"னேன். அது ஸ்கிரீனை என் பக்கம் திருப்பி வெச்சுது. என்ர பேருக்குக் கீழ சாதாரணம்னுதான் இருக்குது.

எப்படிங்க? பாஸ்வேர்டு என்னோடது. ஆருக்கும் தெரியாது. என்ர மில்லு டோக்கன் நம்பரு, 4117. அந்த அம்மிணிகிட்ட இதைச் சொன்னேன். "அந்த நம்பரை வேற எங்கயாச்சும் எழுதி வெச்சிருந்தீங்களா சார்?"னு கேட்டுது. எங்கயும் இல்லைன்னேன். சொன்னப்புறம்தான் ஞாபகம் வந்துது. என்ர டிபன் கேரியர்ல இருக்குதுங்க. பச்சை பெயிண்ட்ல. மாறிப் போகக் கூடாதுன்னு நானேதான் எழுதுனேன். அத்தனை வருஷமும் தினம் அதைக் கழுவிக் கட்டிக் குடுத்தவ அவ.

சரி, நம்பரு தெரிஞ்சுது. வேலை எப்படித் தெரிஞ்சுது? இது ஏதோ உள்ளுக்குள்ள போய் மாத்தற வேலையாம், கடைக்காரங்களுக்கே எல்லாருக்கும் தெரியாதாம். "படிச்சவங்களா சார்?"னு கேக்குது. "இல்லம்மா, டைப் அடிக்கறவ"ன்னேன். அப்புறம் யோசிச்சா, ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கம்ப்யூட்டர் சென்டர்காரங்களுக்குப் பாடப் புஸ்தகம் அடிச்சுக் குடுத்தா. இருநூறு முன்னூறு பக்கம். டைப் அடிக்கறவங்க அதைப் படிச்சுக்கிட்டா அடிப்பாங்கன்னு யாருங்க நினைப்பா?

எந்த நேரத்துல மாத்தியிருக்குதுன்னும் அதுல பதிஞ்சிருக்குது. எனக்கு நேரம் முக்கியம், கேட்டேன். ஒன்பதாம் தேதி, காத்தால பத்து நாப்பது. அன்னைக்கு அவ பஸ்ஸு பதினொண்ணரை. பத்தரைக்கு நான் டீக்கடைக்குக் கிளம்புனேன். நான் தெரு தாண்டறதுக்கு ஒரு பத்து நிமிஷம் விட்டிருக்கறா. அப்புறம் உக்காந்து இதை முடிச்சுட்டு, எனக்கு ரசம் வெச்சு மூடிட்டுப் போயிருக்கறா. அன்னைக்கு ரசம் நல்லா இருந்துதுங்க. நான் ரெண்டு தடவை ஊத்திக்கிட்டேன்.

கோவம் வந்துது. வராம இருக்குமா? "எல்லாத்தையும் துடைச்சுட்டுப் புதுசாப் போடு அம்மிணி"ன்னேன். "போடலாம் சார், ஆனா உள்ள இருக்கற ஃபைல் எல்லாம் போயிடும். அவங்களோடதும் போயிடும். நீங்க இதுல கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க"ன்னு ஒரு தாளை நீட்டுது. பேனாவை எடுத்துட்டேன். எடுத்துட்டு, என்னென்ன போகும்னு மட்டும் காட்டச் சொன்னேன். வேற ஏதோ டிஸ்க்கைப் போட்டு உள்ள திறந்து காட்டுச்சு.

என்னோடது எதையும் அவ தொடலைங்க. என்ர பாட்டு, மில்லு போட்டோ, எல்லாம் வெச்ச இடத்துல இருக்குது. ஒண்ணு குறையலை.

அவளோடது பேரு பேரா அடுக்கி வெச்சிருக்கறா. ஊர்ப் பேரு, ஆளுப் பேரு, வருஷம். டைம் ஆபீஸ் ரிஜிஸ்டரே அவ்வளவு சுத்தமா இருக்காது. கீழ போகப் போக என்ர பேருல ஒண்ணு இருந்துது. 'ஓய்வு விழாப் பேச்சு.' உள்ள ஒண்ணு, ரெண்டு, மூணு, கடைசின்னு நாலு.

நான் ரிட்டையர் ஆனப்ப மேடையில பேசுனது. நான் சொல்லச் சொல்ல அவ அடிச்சா. அங்கங்க கொஞ்சம் மாத்தினா. மில்லு சங்கு ஊதறதைப் பத்தி ஒரு இடம் வரும், அங்கதான் ஜனங்க கை தட்டுனாங்க. அது... அது அவ போட்டதுங்க. நான் சொன்னது வேற.

அந்த அம்மிணி முதல் ஃபைலைத் திறந்துது. கடைசியில நன்றிப் பட்டியல். முதலாளி, மேனேஜர், வாட்ச்மேன் வரைக்கும் இருக்குது. அதுக்கும் கீழ ஒரு வரி காலியா விட்டிருக்கறா. வெறும் கோடு. எனக்கு ஞாபகம் வந்திருச்சு. "இது என்ன காலியாக் கிடக்குது?"ன்னு அன்னைக்குக் கேட்டேன். "யாராச்சும் விட்டுப் போயிருந்தா சேத்துக்கலாம்னு விட்டேனுங்க"ன்னா. நான் ஒரு தடவை மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சுப் பாத்துட்டு, "யாரும் விட்டுப் போகலை, அதை எடுத்துரு"ன்னேன்.

எடுத்துட்டா. ரெண்டாவது ஃபைல்ல அது இல்லை.

கொஞ்சம் தண்ணி இருக்குங்களா? பாட்டில்ல தூக்கிக் குடிக்கறேன். ரொம்ப நன்றிங்க.

தாளை அப்படியே வெச்சுட்டு அவளுக்குப் போன் போட்டேன். மூணு ரிங்குல எடுத்துட்டா.

"ஈரோட்டுல கடையில இருக்கறேன்"னேன்.

"இத்தனை நாள் எப்படித் தூக்கிட்டுப் போகாம இருக்கறீங்கன்னுதான் பாத்தேன்."

"பாஸ்வேர்டு என்ன சாந்தாமணி?"

"துடைக்கச் சொல்லிட்டீங்களா?"ன்னு கேட்டா. குரல் ஒரு மாதிரி இருந்துதுங்க. இல்லைன்னேன். "ஏன்?"னா. கடையில ஆளுக நிக்கறாங்க, அந்த அம்மிணி வேற பக்கம் பாத்துட்டு நிக்குது.

அப்புறம் அவளே சொன்னா. "அதை இங்க கொண்டாந்து குடுத்துருங்க. தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு ரூம் பாத்திருக்கறேன். ஒண்ணாந்தேதியில இருந்து."

"ரூம் எதுக்கு?"

"டைப் பண்றதுக்கு. அந்தப் புள்ளையோடதை முதல்ல முடிச்சுக் குடுக்கணும்."

"அரச்சலூர்ல இருந்து தினம் எப்படி வந்து போவே? போக ஒண்ணரை மணி நேரம், வர ஒண்ணரை மணி நேரம்"னேன். "எந்த பஸ்ஸுக்கு வர்றீங்க?"ன்னு மட்டும் கேட்டா. சொன்னேன்.

காத்தால ஆறு இருவதுக்கு ஒரு பஸ் இருக்குதுங்க, அதைப் புடிச்சா எட்டு மணிக்கு அங்க இருக்கலாம். சாயங்காலம் அஞ்சுக்கு ஒண்ணு. கஷ்டம்தான், ஆனா முடியும். பஸ்ஸு பாஸ் எடுத்துக்கலாம். என்ன அப்படிப் பாக்கறீங்க? வந்துதானே ஆகணும். வீடு அங்கதானே இருக்குது.

தாராபுரம் வந்திருச்சுங்க. அதோ, அந்தப் பழக்கடைகிட்ட. நீலச் சேலை. ஆட்டோவையே கூட்டிட்டு வந்துட்டா பாருங்க. கொஞ்சம் இந்த முனையைப் புடிச்சீங்கன்னா நான் எந்திரிச்சுக்குவேன். ஆ. அவ்வளவுதான். வர்றேனுங்க.

... நான்தானுங்க. இங்க, ஜன்னல்கிட்ட. பஸ்ஸு இன்னும் பத்து நிமிஷம் நிக்குமாம். என்ர பை சீட்டுக்கு அடியில இருக்குது, எடுத்துக் குடுங்க. ஆமாங்க, அதுதான்.

வெச்சாச்சு. அவளே வாங்கிப் பின் சீட்டுல வெச்சா. போர்வையை விலக்கி ஒரு தடவை பாத்துட்டுத் திரும்ப மூடுனா. பக்கத்துல உக்காந்து அது மேல கையைப் போட்டுப் புடிச்சுக்கிட்டா. "சாப்பிட்டீங்களா?"ன்னா. சாப்பிட்டேன்னு சொன்னேன். சாப்பிடலைங்க.

ஆட்டோக்காரர் என்னையவே பாக்கறார். முன்னால அவர் பக்கத்துல ஒரு ஆளு உக்காரலாம், இடம் இருக்குது. அவ ஏறுங்கன்னு சொல்லலை. போங்கன்னும் சொல்லலை. நேராப் பாத்துட்டு உக்காந்திருக்கறா. ஆட்டோ இன்னும் கிளம்பலை, பாருங்க. அவ கிளம்பச் சொன்னா அவர் கிளம்பிருவாரு. சொல்ல மாட்டேங்கறா.

நானாப் போய்க் கேக்கலாமுங்க. கேக்கறதுக்கென்ன. ஆனா போய் நின்னா வாயில என்ன வரும்னு தெரியலை. பாஸ்வேர்டுன்னு வந்துரும்போல இருக்குது. பஸ்ஸு எடுத்துட்டானா? பத்து நிமிஷம்னானே? ஏனுங்க, இருங்க, ஒண்ணே ஒண்ணு. இப்ப அவகிட்டப் போய் என்னன்னு கேக்கட்டும்? நீங்க சொல்லுங்க. நகருதுங்க, சீக்கிரம் சொல்லுங்க.